பின்னணியிசையும் லூட்விக் யோரன்சனும்

திரைப்படத்தில் இசை இருவகையாக நிற்கின்றது. ஒன்று, நாம் செவி கொடுத்துக் கேட்பது. மற்றொன்று, கேட்கின்றோம் என்பதை அறியாமலே நாம் கேட்பது. முன்னது பாட்டு, பின்னது பின்னணியிசை. பாட்டைப் பற்றிப் பேசுவோர் பலர். விடுதியின் உணவுக் கூடத்திலும் விளையாட்டு வெளியிலும் மாணவர் நாவில் ஏதேனும் ஒரு பாட்டின் மெட்டு உலவியபடியே உள்ளது. பின்னணியிசையைப் பற்றிப் பேசுவோரோ மிகச் சிலர். படம் முடிந்து வெளியே வரும் ஒருவரை நிறுத்தி, "தலைவன் தனியே நின்ற அக்காட்சியில் ஒலித்த கருவி யாது?" என்று வினவினால், "அங்கே இசை இருந்ததா?" என்று அவர் நம்மையே திருப்பிக் கேட்பினும் கேட்பார். ஆயினும் அவ்விசை இல்லாதிருப்பின் அக்காட்சியில் அவர் கண் கலங்கியிரார்.

பின்னணியிசை வெறும் அலங்காரமே என்பர் ஒரு சாரார். அழவேண்டிய இடத்தில் வயலினும், அஞ்சவேண்டிய இடத்தில் முரசும் ஒலித்துப் பார்ப்போரை ஏவுவது கூலிக்கு மாரடிப்பதை ஒக்கும் என்பது அவர் கூற்று. இதில் உண்மை சிறிதும் இல்லையென்று கூறுதல் இயலாது. அங்ஙனம் அமைந்த படங்கள் பல உள. ஆயினும், தீய செய்யுள் பல இருத்தலால் செய்யுளே தீது என்னலாமோ? இக்கட்டுரையில் நாம் நிறுவ விரும்புவது இதுவே: நல்ல பின்னணியிசை படத்தின்மேற் பூசப்பெற்ற வண்ணம் அன்று, கதை நிகழும் நிலத்தையும், அந்நிலத்து மாந்தரின் உள்ளத்தையும் கேட்டறிந்த ஒருவரது அறிவின் வெளிப்பாடு அது. அறியாது கொட்டும் பறை ஓசை. அறிந்து கொட்டும் பறை சொல். இதனை விளக்குதற்கு நம் காலத்து இளம் இசையமைப்பாளருள் ஒருவரான லூட்விக் யோரன்சனின் படைப்புக்களை எடுத்துக்கொள்வோம்.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இக்கருத்துப் புதியதன்று. தொல்காப்பியர் அகப்பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். புணர்தல், பிரிதல் முதலிய ஒழுக்கங்கள் உரிப்பொருள். இவ்விரண்டிற்கும் இடையே நின்று நிலத்தை உணர்ச்சியோடு பிணிப்பது கருப்பொருள். அக்கருப்பொருளை எண்ணுமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் என்பவற்றோடு பறையையும் யாழையும் அவர் உடன் வைத்து எண்ணினார் என்பது சிந்திக்கத் தக்கது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, பாலைக்குத் துடி, மருதத்திற்குக் கிணை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என உரைகாரர் வகுத்துக் காட்டுவர். குறிஞ்சிப் பறையை நெய்தற் கரையிற் கொட்டினால் அந்நிலத்தார் செவிக்கு அஃது இயையாது. என்னை? அந்தந்த நிலத்தார் செய்யும் தொழிலும், எடுக்கும் விழாவும், அஞ்சும் அச்சமும் அந்தந்தப் பறையினுள் உறைகின்றன. மேலும், கருப்பொருளின் வாயிலாகச் சொல்லாத பொருளைக் குறிப்பாற் புலப்படுத்துதலை இறைச்சி என்று வழங்கினர். தலைவி வாய் திறந்து கூறாத துயரைக் கடற்கரைப் பறவையொன்றின் செயல் கூறிவிடும். திரையில் நடிகர் வாளா நிற்க, அவர் உள்ளத்தை ஒரு குழல் கூறிவிடுவதும் இத்தகையதே அன்றோ?

நிற்க. யோரன்சன் 1984 செப்டம்பர் 1ஆம் நாள் சுவீடன் நாட்டில் லின்ஷோப்பிங் என்னும் நகரிற் பிறந்தவர். அவருடைய தந்தையார் கிதார் கற்பிக்கும் ஆசிரியர். பீத்தோவன் என்னும் பேரிசைப் புலவரின் பெயரையே மகனுக்கு இட்டார். ஸ்டாக்ஹோம் நகரத்து அரச இசைக் கல்லூரியிற் பயின்றபின், யோரன்சன் அமெரிக்கா சென்று தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற் படத்திற்கு இசையமைக்கும் கலையைப் பயின்றார். அக்காலத்தே அங்கே படமியக்கும் கலையைப் பயின்றுகொண்டிருந்த ரையன் கூக்ளர் என்னும் மாணவரோடு நட்புண்டாயிற்று. நண்பர் எடுத்த மாணவக் குறும்படத்திற்கு இவர் இசையமைத்தார். கல்லூரியில் முளைத்த அந்நட்பு பின்னர் 'ஃப்ரூட்வேல் ஸ்டேஷன்' (2013), 'க்ரீட்' (2015), 'பிளாக் பேந்தர்' (2018), அதன் தொடர்ச்சியாகிய 'வக்காண்டா ஃபாரெவர்' (2022), 'சின்னர்ஸ்' (2025) எனக் கிளைத்துப் பெருகிற்று. இடையே கிறிஸ்டோபர் நோலன் என்னும் இயக்குநருக்கு 'டெனெட்' (2020), 'ஓப்பன்ஹைமர்' (2023) என்னும் படங்களுக்கும் இசையமைத்தார். 'பிளாக் பேந்தர்' படத்தின் இசைக்காக 2019ஆம் ஆண்டில் ஆஸ்கார் விருது பெற்றபொழுது அவருக்கு வயது 34. 'ஓப்பன்ஹைமர்' படத்திற்காக 2024ஆம் ஆண்டில் அவ்விருதை மீண்டும் பெற்றார்.

விருது பெற்றமை பற்றி நாம் அவரைப் புகழ வரவில்லை. அவர் எவ்வாறு வேலை செய்கின்றார் என்பதே நமக்குப் பாடமாவது. 'க்ரீட்' என்பது குத்துச்சண்டை வீரன் ஒருவனது கதை. அதற்கு இசையமைக்கப் புகுந்தவர் முதலிற் சென்ற இடம் இசைக்கூடம் அன்று. வீரர் பயிலும் பயிற்சிக்கூடம். கயிற்றைத் தாண்டும் ஒலி, தொங்கும் பையைக் குத்தும் ஒலி, மூச்சு வாங்கும் ஒலி ஆகியவற்றைப் பதிந்து வந்து, அவற்றையே தாளத்தின் உறுப்புக்களாக்கினார். அப்படம் 1976ஆம் ஆண்டில் வெளிவந்த 'ராக்கி' படத்தின் வழித்தோன்றல். அப்பழைய படத்திற்குப் பில் கான்டி அமைத்த மெட்டு அமெரிக்க நாட்டிற் சிறுவரும் அறிந்தது. அதனைத் தொடக்கத்திலேயே ஒலிக்கவிட்டிருந்தால் பார்ப்போர் ஆரவாரித்திருப்பர். யோரன்சன் அதனைக் கடைசிச் சுற்று வரையில் அடக்கி வைத்தார். இளைஞன் தன் வலிமையால் நிற்கும் தகுதியைப் பெற்ற பின்னரே முன்னோரின் மெட்டு அவனுக்கு உரிமையாயிற்று. இசைத்தல் போலவே இசையாதிருத்தலும் பொருள் தரும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

இனி, 'பிளாக் பேந்தர்' படத்தை நோக்குவோம். ஆப்பிரிக்கக் கண்டத்தில், அயலார்க்கு என்றும் அடிமைப்படாத வக்காண்டா என்னும் கற்பனை நாட்டின் கதை அது. சுவீடனிற் பிறந்த வெள்ளையர் ஒருவர் அதற்கு இசையமைக்க வேண்டியிருந்தது. இஃது எளிய செயலன்று; அறத்தோடு தொடர்புடைய செயலும் ஆகும். ஆப்பிரிக்க மக்களின் நிலமும் உழைப்பும் பிறராற் கவரப்பட்ட வரலாற்றை நாம் அறிவோம். அவர்தம் பறைகளையும், பொருள் அறியாமல் ஓசையழகிற்காக மட்டும் எடுத்துப் படத்திற் கலந்துவிடுவது அக்கவர்தலின் மற்றொரு வடிவமேயாகும். பழைய படங்கள் பலவற்றில், காடும் கறுத்த மாந்தரும் திரையில் தோன்றியவுடன் ஏதோ ஒரு முரசு 'டம், டம்' என ஒலிப்பதை நாம் கேட்டிருக்கின்றோம். அது யாருடைய முரசு, எதற்காகக் கொட்டுவது என்பதை அதனை அமைத்தோர் வினவவில்லை.

யோரன்சன் வினவினார். இசையெழுதுமுன் அவர் மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள செனெகல் நாட்டிற்குச் சென்று, பாபா மால் என்னும் புகழ்பெற்ற பாடகரோடு சில வாரம் பயணம் செய்தார். அவர் பாடிய கூட்டங்களிலெல்லாம் உடனிருந்து கேட்டார். பின்னர்த் தென்னாப்பிரிக்கா சென்று, ஹியூ ட்ரேசி என்பார் 1954ஆம் ஆண்டில் நிறுவிய ஆப்பிரிக்க இசை நூலகத்திற் சேர்த்து வைக்கப்பெற்றுள்ள பழம்பதிவுகளைக் கேட்டார். இப்பயணத்தில் அவர் பெற்ற பேரறிவு யாதோவெனின், அந்நாட்டுத் தாளங்கள் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட செயலுக்கு உரியது என்பதாம். மற்போர்க்கு ஒரு தாளம், மணவிழாவிற்கு ஒரு தாளம் என அவை பகுக்கப்பட்டிருந்தன. தொண்டகமும் கிணையும் வெவ்வேறு நிலத்திற்கு உரியன என்று படித்த நமக்கு இச்செய்தி வியப்பைத் தாராது, உவகையைத் தரும்.

அப்பயணத்தின் பயன் படத்தில் எவ்வாறு விளைந்தது என்பதைக் காண்போம். வக்காண்டா நாடு முதன்முதல் திரையில் விரியும்பொழுது பாபா மாலின் குரல் வானத்தினின்று இறங்குவதுபோல ஒலிக்கின்றது. அவர் ஃபுலா மொழியிற் பாடுகின்றார். யானையொன்று வீழ்ந்தது என்பது அப்பாட்டின் பொருள். யானை என்றது மறைந்த மன்னனை. அரசனை யானையாகக் காணும் புறப்பாடல்களைப் பயின்ற தமிழ் மாணவன் இவ்விடத்தில் ஆயிரக்கணக்கான கல் தொலைவையும் மறந்து அப்பாடகரின் அருகில் நிற்கின்றான். மொழி அறியாதோர்க்கும் அக்குரலில் உள்ள இழவும் பெருமிதமும் ஒருங்கே விளங்குகின்றன.

மறைந்த மன்னனின் மகனாகிய டிசாலாவிற்கு யோரன்சன் தேர்ந்த கருவி தமா என்பது. இஃது இடை சுருங்கி இருபுறமும் தோல் போர்த்த பறை. வடிவில் நம் துடியையும் உடுக்கையையும் ஒக்கும். இதனைக் கக்கத்தில் இடுக்கி, இருமுகத்தையும் பிணித்த கயிறுகளைக் கையால் அமுக்கவும் தளர்த்தவும், ஒலி ஏறியும் இறங்கியும் மனிதர் பேச்சைப் போல அமையும். ஆதலின் இதனைப் பேசும் பறை என்று வழங்குவர். மசாம்பா தியோப் என்னும் வல்லுநர் இப்பறையில் டிசாலாவின் பெயரையே ஒலிக்கச் செய்தார். மன்னன் தோன்றும் இடமெல்லாம் பறை அவன் பெயரைக் கூறி அழைக்கின்றது. படம் பார்ப்போருட் பெரும்பாலோர் இதனை அறியார். அறியாமலே அவர்கள் செவி அப்பெயரைப் பழகிக்கொள்கின்றது.

டிசாலாவின் பகைவனாகிய கில்மாங்கருக்கு அமைத்த இசை இன்னும் நுண்ணியது. அவன் வக்காண்டா அரசக் குடியிற் பிறந்தும், தந்தையை இழந்து, அமெரிக்காவில் ஓக்லாண்டு நகரத்துத் தெருக்களில் வளர்ந்தவன். அவனுக்கு யோரன்சன் ஃபுலா மக்களின் குழலைத் தேர்ந்தார். அக்குழலை ஊதுவோர் ஊதும்பொழுதே வாயினால் பேசவும் பாடவும் கூவவும் செய்வர். காற்றும் குரலும் கலந்து சீற்றமும் ஏக்கமுமாக வெளிப்படும். அக்குழலின் அடியில் அமெரிக்க நகரத்து இளைஞர் பாடும் ராப் பாட்டிற்குரிய மின்முரசின் தாளத்தை அமைத்தார். குழல் அவன் இழந்த நாடு. மின்முரசு அவன் வளர்ந்த நாடு. இரண்டும் ஒன்றோடொன்று முட்டுகின்றன. ஒன்றில் ஒன்று அடங்கவில்லை. இவனைத் தீயவன் என்று கதை கூறுகின்றது. இவன் வீடிழந்தவன் என்று இசை கூறுகின்றது. வாய்ச்சொல்லுக்கு அப்பால் நின்று பொருள் தரும் இறைச்சி என்பதை இதனினும் தெளிவாக எங்கே காண்பது?

அற்றேல், குறையே இல்லையோ எனின், ஒன்று கூறுதற்கு உண்டு. படத்தில் வக்காண்டா மக்கள் பேசும் மொழி தென்னாப்பிரிக்க மக்களின் கோசா மொழி. அவர் கொட்டும் பறையோ மேற்கே செனெகல் நாட்டுப் பறை. இவ்விரு நிலங்களுக்கும் இடைத்தொலைவு மிகப் பெரிது. ஆப்பிரிக்காவை ஒரே ஊராகக் கருதும் பழைய பிழை சிறிதளவு இங்கும் நுழைந்துள்ளது என்று ஒருவர் குறை கூறின், அதனை முற்றும் மறுத்தல் இயலாது. ஆயினும் வக்காண்டா எந்த நிலப்படத்திலும் இல்லாத நாடு. பல நிலத்துப் பொருள்களைக் கற்பனையில் ஒருங்கு சேர்த்தது. ஒரு நிலத்துக் கருப்பொருள் மற்றொரு நிலத்தில் வந்து மயங்குதலை நம் இலக்கண நூலாரும் ஒப்புக்கொண்டனர். மயக்கம் என்பது வேறு; அறியாமை என்பது வேறு. ஒவ்வொன்றும் எவருடையது என்பதை அறிந்தபின் கலப்பது மயக்கம். அறியாமற் கலப்பது குழப்பம். யோரன்சன் செய்தது முன்னதே என்பது நம் துணிபு. அன்றியும், அவர் செனெகல் நாட்டுத் தாளத்தைக் கேட்டெழுதிப் பிறரைக்கொண்டு வாசிக்கவில்லை. பாபா மாலும் மசாம்பா தியோப்பும் தாமே அப்படத்தில் ஒலிக்கின்றனர்.

இனி, 'ஓப்பன்ஹைமர்' என்னும் படத்திற்கு வருவோம். அணுகுண்டை ஆக்கிய அறிஞர் குழுவிற்குத் தலைமை தாங்கிய ராபர்ட் ஓப்பன்ஹைமரின் வரலாறு அது. போரைப் பற்றிய கதையாதலின் பெருமுரசுகள் முழங்கும் என்று எவரும் எதிர்பார்ப்பர். யோரன்சன் முரசை நாடாமல் வயலினை நாடினார். இக்கருவியைக் குறித்த எண்ணம் முதலில் நோலனுக்குத் தோன்றிற்று. யோரன்சனின் மனைவியார் செரீனா தேர்ந்த வயலின் வல்லுநர். ஆதலின் கணவனும் மனைவியுமாக இருந்து, அக்கருவியில் எழக்கூடிய ஒலிகளையெல்லாம் சோதித்து நோக்கினர். வயலின் ஏன் இக்கதைக்கு உரியதாயிற்று? வீணைக்குள்ள மெட்டுக்கள் வயலினுக்கு இல்லை. விரல் வழுக்கும் இடமெல்லாம் சுரம் வழுக்கும். ஒரே வில்லின் ஓட்டத்தில் இனிமை அச்சமாக மாறலாம். நடுங்கும் விரலின் விரைவு சிறிது மிகுந்தால் காதல் பித்தாகலாம். அறிவின் இன்பத்திற் திளைத்து, அவ்வறிவின் விளைவைக் கண்டு நடுங்கிய ஓர் உள்ளத்திற்கு இதனினும் ஏற்ற கருவி யாது?

அப்படத்தில், இளைஞராகிய ஓப்பன்ஹைமர் ஐரோப்பாவிற் பயிலும் காலத்தில், கண்ணுக்குப் புலனாகாத அணுவின் உலகத்தை அகக்கண்ணாற் காணும் பகுதியொன்று வருகின்றது. அதற்கமைந்த இசையில் வயலின்கள் ஒரு சிறு சுழற்சியை மீண்டும் மீண்டும் வாசிக்கின்றன. சுழலச் சுழல விரைவு மாறுகின்றது. இச்சிறு பகுதியில் மட்டும் 21 முறை காலப்பிரமாணம் மாறுகின்றது. இதனைத் துண்டு துண்டாகவே பதிய இயலும் என்று யோரன்சன் முதலில் எண்ணினார். பின்னரோ இசைக்குழு முழுவதும் இடையறாது ஒருங்கே வாசிக்கப் பதிந்தார். இதன் பயனை நாம் கேட்டே உணர்தல் வேண்டும். ஒட்டுப்போட்ட இசையாக இருந்திருப்பின் அதில் விரைவு இருந்திருக்கும். பலர் ஒரே மூச்சில் ஓடும்பொழுது எழும் பதற்றம் இருந்திராது. புதிதாக ஒன்றைக் கண்டறிபவன் உள்ளத்தில் நிகழும் ஓட்டத்தை அப்பதற்றம் நமக்குக் காட்டுகின்றது.

இவ்வளவு ஒலியும் எதற்காக? ஓர் அமைதிக்காக. 1945 ஜூலை 16ஆம் நாள் விடியற்காலையில் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டு சோதிக்கப்பெற்றது. படத்தில் அந்நேரம் நெருங்க நெருங்க இசை ஏறிக்கொண்டே செல்கின்றது. குண்டு வெடித்தவுடன் எல்லாம் அடங்கிவிடுகின்றது. திரை முழுதும் நெருப்பு. செவியில் மூச்சின் ஒலியன்றி வேறில்லை. ஒளி முதலில் வரும், ஒலி பின்னர் வரும் என்பது இயற்கைநூல் கூறும் உண்மை. அவ்வுண்மையையே இயக்குநரும் இசையமைப்பாளரும் கலையாக்கினர். பேரொலி பின்பு வந்து மோதும்வரையில், பார்ப்போர் தம்முள்ளே தனித்து விடப்படுகின்றனர். மகிழ்க என்றோ அஞ்சுக என்றோ இசை அங்கே கட்டளையிடவில்லை. ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் பின்னர் நிகழ்ந்ததை அறிந்த நமக்கு அவ்வமைதி எந்த ஒப்பாரியினும் கொடியதாக இருக்கின்றது. மேலும், படத்தின் முற்பகுதியிற் காரணம் தோன்றாமல் இடையிடையே பலர் காலால் தரையை மிதிக்கும் ஒலி கேட்கின்றது. அஃது யாது என்பது ஹிரோஷிமா அழிந்த செய்தி கேட்டு மக்கள் கூடி ஆரவாரிக்கும் காட்சியிலேதான் விளங்குகின்றது. வெற்றி முழக்கமே அவருடைய மனச்சான்றின் இடிமுழக்கமாகிவிட்டது.

'சின்னர்ஸ்' என்னும் படம் 2025ஆம் ஆண்டில் வெளிவந்தது. அமெரிக்காவின் தென்பகுதியில் மிசிசிப்பி மாநிலத்தில் 1932ஆம் ஆண்டில் நிகழ்வதாக அமைந்த கதை. சாமி என்னும் கறுப்பின இளைஞன் போதகர் ஒருவரின் மகன். கிதார் மீட்டி ப்ளூஸ் என்னும் இசையைப் பாடுவதில் வல்லவன். அவ்விசை அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் பருத்தி வயல்களிற் பட்ட துன்பத்திற் பிறந்தது. தந்தையோ அக்கிதாரை விட்டொழித்துத் திருச்சபைக்குத் திரும்பும்படி மகனை வற்புறுத்துகின்றார். இத்தகைய போராட்டம் நம்மவர் இல்லங்களுக்கும் புதியதன்று. கோயிலிற் பாடும் கீர்த்தனை கடவுளுக்கு, வெளியிற் பாடும் பாட்டு அலகைக்கு என்று கோடு கிழிக்கும் பெரியோர் எங்கும் உளர். யோரன்சன் இவ்விருவரில் எவரையும் இகழவில்லை என்பதே இப்படத்தின் இசைக்குள்ள சிறப்பு. இக்கதைக்கு அவர் தேர்ந்த கருவி 1932ஆம் ஆண்டிற் செய்யப்பெற்ற, உலோகத் தட்டுப் பொருத்திய பழைய கிதார். கதை நிகழும் ஆண்டும் கருவி பிறந்த ஆண்டும் ஒன்றே. அக்கருவியின் உலோக ஒலியில் ஒரு கரகரப்பு உண்டு. அது மன்றாட்டிற்கும் பொருந்துகின்றது, புலம்பலுக்கும் பொருந்துகின்றது.

அப்படத்தில் ஒரு காட்சி நெடுநாள் பேசப்படும். இரவில் உழைப்பாளர் கூடி ஆடும் கூடத்திற் சாமி தன் தந்தையை முன்னிலைப்படுத்தி ஒரு பாட்டுப் பாடுகின்றான். அப்பாட்டை யோரன்சனும் ரஃபேல் சாதிக் என்னும் பாடகரும் சேர்ந்து அமைத்தனர். பாட்டு ஏற ஏறக் காலத்தின் சுவர் இடிகின்றது. முன்னோராகிய ஆப்பிரிக்கப் பறைக்கலைஞர் ஒருபால் தோன்றுகின்றனர். இன்னும் பிறவாத தலைமுறையின் மின்கிதார் கலைஞரும் தெருநடனக்காரரும் மறுபால் தோன்றுகின்றனர். சீன நாட்டுக் கூத்தரும் ஆடி வருகின்றனர். இத்துணைக் கருவிகளும் ஒரே பாட்டினுள் மோதாமல் ஒலிக்கின்றன. செனெகலில் 'பிளாக் பேந்தர்' படத்திற்காகக் கேட்ட தாளமும், மிசிசிப்பியின் கிதாரும் ஒரே குடும்பத்தின் குரல்கள் என்பதை யோரன்சன் கட்டுரையாக எழுதவில்லை; கேட்கச் செய்தார்.

நிற்க. இவர் இசையில் அடக்கம் குறைந்த இடமும் உண்டு. 'டெனெட்' என்பது காலம் முன்னும் பின்னுமாக ஓடும் கதை. அதற்கேற்ப, இசைக்கலைஞர் மெட்டைத் தலைகீழாக வாசிக்க அதனைப் பதிந்து, அப்பதிவை மீண்டும் தலைகீழாக ஓட்டினார். மெட்டு நேராகவே வரும். ஆயினும் ஒவ்வொரு சுரமும் பிறக்குமுன்னே இறப்பதுபோல் விந்தையாக ஒலிக்கும். கருத்து அரியது, ஆனால் அப்படத்தில் இசையும் பிற ஒலிகளும் மிகுந்து பாத்திரங்களின் பேச்சை விழுங்கிவிட்டன என்று பலர் குறை கூறினர். ஒலிகளை அளவுபடுத்தும் பொறுப்பு இயக்குநருக்கும் உரியதாதலின் பழி முழுவதும் இவர்மேற் சாராது. ஆயினும் ஈண்டு இளங்கோவடிகளை நினைத்தல் தகும். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிற் தண்ணுமையாசிரியனின் இலக்கணம் கூறுமிடத்து, பிற கருவிகளிடத்துக் குறை நேர்ந்தால் நிரப்பவும், மிகை நேராமல் அடக்கவும் வல்லவன் அவன் என்று அடிகள் காட்டினார். குறையை நிரப்புதல், தான் மிகாமை என்னும் இவ்விரண்டையும் பின்னணியிசைக்கு முழு இலக்கணமாகவே கொள்ளலாம். அவ்விலக்கணத்திற்கு 'ஓப்பன்ஹைமர்' படத்தின் அமைதி சான்று. 'டெனெட்' படத்தின் ஆரவாரம் அதனை மறந்தது.

இவற்றால் மாணவராகிய நாம் அறியத் தக்கது யாது? பின்னணியிசையைச் சுவைத்தற்கும் ஒரு பயிற்சி வேண்டும். செய்யுளை முதன்முறை பொருளுக்காகவும் இரண்டாம் முறை நயத்திற்காகவும் படிக்கின்றோம். படத்தையும் அங்ஙனமே காணலாம். இரண்டாம் முறை காணும்பொழுது மூன்று வினாக்களை உடன்கொண்டு செல்க. எவர் தோன்றும்பொழுது எக்கருவி ஒலிக்கின்றது? அவர் வாய் சொல்லாத எதனை அக்கருவி சொல்கின்றது? இசை எவ்விடத்தில் நின்றுவிடுகின்றது, ஏன்? இம்மூன்றனுள் இறுதி வினாவே அரியது. பேசத் தெரிந்தவர் பலர். நிறுத்தத் தெரிந்தவர் சிலரே. இவ்வினாக்களுக்கு விடை தாராத இசை எத்துணை இனிதாயினும் வெறும் பூச்சேயாகும்.

இன்னுமொன்று. யோரன்சன் தென்னாப்பிரிக்க நூலகத்திற் பழம்பதிவுகளைக் கேட்டார் என்றோம். அங்ஙனம் அவர் கேட்டற்கு ஏதுவாயிற்று, அவருக்கு முன்னே வேறொருவர் ஊர் ஊராகச் சென்று அவ்விசையைப் பதிந்து வைத்தமை. பதிந்தவர் இல்லையேல் கேட்பவர் இல்லை. கேட்பவர் இல்லையேல் பறை பேசாது. தொண்டகமும் ஏறுகோட்பறையும் எங்ஙனம் ஒலித்தன என்பதை இன்று நூலிற் பெயராக மட்டுமே அறிகின்றோம். ஆயின் சாவிற்கு ஓர் அடி, திருவிழாவிற்கு ஓர் அடி என வேறுபாடு அறிந்து கொட்டும் பறைக்கலைஞர் நம் ஊர்களில் இன்றும் வாழ்கின்றனர். நம் அருகே இருந்தும் நம்மால் நெடுங்காலம் விலக்கி வைக்கப்பட்டோர் அவர். ஒவ்வோர் அடியும் எதனைக் கூறுகின்றது என்று அவர்பாற் சென்று வினவுதல் தமிழ் பயிலும் மாணவர்க்குக் கடனாகும். சுவீடனிற் பிறந்த ஒருவர் செனெகல் சென்று கேட்க இயலுமாயின், நாம் அடுத்த தெருவிற்குச் சென்று கேட்டல் இயலாதோ?